மருந்தின் நான்காம் கூறு

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் ஒரு பகுப்போடு நிறைவடைகிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்பது அதன் பொருள். நான்காமவரை வள்ளுவர் வெறும் ஏவலாளாகக் கருதவில்லை. மருத்துவரோடும் மருந்தோடும் ஒரே நிரலில் வைத்தார். அந்த நிரலை நாம் மறந்ததன் விலையைக் காசநோய் இன்று நம்மிடம் உயிர்களாக வாங்கிக்கொண்டிருக்கிறது.

2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய் கண்டது என்றும், 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் அதனால் மாண்டனர் என்றும் உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டது. புதிய நோயாளிகளில் நூற்றுக்கு 26 பேர் இந்தியர். நம் நாட்டில் அவ்வாண்டு மாண்டோர் 3 லட்சத்துக்கும் மேல்; நாளொன்றுக்கு 800 பேருக்குக் குறையாமல். 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று நடுவண் அரசு உறுதி கூறியிருந்தது. அந்த இலக்காண்டு வந்தது; நோய் ஒழியவில்லை.

இது மருந்தில்லா நோயன்று. இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24-இல். ஸ்டிரெப்டோமைசின் 1943-இல் கண்டறியப்பட்டது. ஐசோனியாசிட் 1952-இல் நோயாளிகளின் கைக்கு வந்தது. 1960-களில் ரிஃபாம்பிசின் பிறந்தது. இன்று, மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய் 6 மாதத்தில் குணமாகிறது. பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். கிருமி தெரியும், மருந்து தெரியும், மருத்துவர் இருக்கிறார். மூன்று கூறுகளும் கைவசம் இருக்க, நோயாளி ஏன் மடிகிறார்? நான்காம் கூறாகிய செவிலியரை நாம் போதிய எண்ணிக்கையில் அமர்த்தவில்லை; அமர்த்தியவருக்குக் கற்பிக்க நேரம் தரவில்லை; அவர் கற்பிப்பதை மருத்துவமாக மதிக்கவுமில்லை. இந்தத் தலையங்கம் சொல்ல வருவது இதுவே.

பழைய வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். மருந்தே இல்லாத காலத்தில், எலும்புருக்கி எனப்பட்ட இந்நோய்க்கு இருந்த ஒரே மருத்துவம் செவிலியம்தான். தூய காற்று, நெடிய ஓய்வு, ஊட்டமான உணவு, நாள்தோறும் எடுக்கும் உடல்வெப்பக் கணக்கு, சளியை மூடிய கலத்தில் வாங்கி அழிக்கும் ஒழுங்கு ஆகியவை கொண்டே நோயாளியைக் காத்தனர். இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் அத்தகைய செவிலியத்துக்கான நலவில்லம் (சானடோரியம்) ஒன்றை நடத்தியவர் டாக்டர் சௌரிமுத்து என்னும் இந்தியர். காசநோய் எனக் கருதப்பட்டு நலிந்த கணித மேதை இராமானுஜன் 1917-இல் சில காலம் அவரிடம் இருந்தார். அதே சௌரிமுத்து தாயகம் திரும்பி 1928-இல் தாம்பரத்தில் ஒரு நலவில்லத்தைத் தொடங்கினார். பின்னர் அதனை அரசு ஏற்றது. இன்று அது நெஞ்சக நோய் மருத்துவமனை; அதன் பெயரையே அடுத்துள்ள தொடர்வண்டி நிலையமும் தாங்கி ‘தாம்பரம் சானடோரியம்’ என்று நிற்கிறது. நாள்தோறும் அவ்வழியே செல்லும் ஆயிரமாயிரம் பேருக்கு அது ஒரு நிறுத்தத்தின் பெயர். நோயுற்றவரை அருகிருந்து பார்த்தல் என்னும் அறத்துக்கு ஒரு தலைமுறை எழுப்பிய கட்டடம் அது என்பதை அறிந்தவர் சிலரே.

அந்தத் தலைமுறையின் துயரை இலக்கியமும் அறியும். தமிழ்ச் சிறுகதைக்குப் புதிய உயிர் தந்த புதுமைப்பித்தன் காசநோயால் 1948-இல் 42 வயதில் மறைந்தார். ஸ்டிரெப்டோமைசினின் ஆற்றலை முறைப்படி நிறுவிய பிரிட்டன் ஆய்வு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். மருந்து உலகில் பிறந்துவிட்டது, நோயாளியை எட்டவில்லை. பிறந்த மருந்துக்கும் அடைய வேண்டிய உடலுக்கும் இடையே உள்ள தொலைவே காசநோயின் வரலாறு. அத்தொலைவை நடந்து கடப்பவர் யார் என்பதே அன்றும் இன்றும் கேள்வி.

அக்கேள்விக்கு விடை சொன்ன நகரம் சென்னை. இதில் நாம் பெருமை கொள்ளலாம். பெருமையோடு ஒரு குற்றவுணர்வும் நமக்கு வேண்டும். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையத்தை நிறுவின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதனை வழிநடத்தினார். நலவில்லங்களில் படுக்கை சிலவே, நோயாளிகளோ பல்லாயிரம். வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் குணமாகுமா என்பதை அந்த மையம் ஆராய்ந்தது. 193 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் நலவில்லத்தில் நல்லுணவும் ஓய்வும் காற்றோட்டமும் பெற்றனர். மறுபிரிவினர் தங்கள் நெருக்கடியான வீடுகளில், பெரும்பாலும் வறுமைக்கு நடுவே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து ஓராண்டுக் காலம் தரப்பட்டது. 1959-இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. வீட்டில் இருந்தோர் நலவில்லத்தில் இருந்தோருக்கு ஏறத்தாழ இணையாகவே குணமடைந்தனர். மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வீட்டில் மருத்துவம் பெற்றவரின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதும் தெளிந்தது.

உலகெங்கும் நலவில்லங்கள் மூடப்பட்டன. இந்தியா 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் இந்த அடித்தளத்தின் மேல் எழுந்தது. படுக்கைச் செலவு மிஞ்சியது; குடும்பம் பிரியாது நோய் தீர்ந்தது. ஆயினும் சென்னை ஆய்வு சொன்ன பாடத்தில் பாதியை மட்டுமே ஆட்சியாளர்கள் படித்தனர். அந்த வீடுகளில் நோயாளிகள் தனித்து விடப்படவில்லை. மையத்தின் சுகாதாரப் பார்வையாளர்களும் பொதுச் சுகாதாரச் செவிலியரும் அவ்வீடுகளின் படியேறினர். மாத்திரைகளை எண்ணினர்; அறிவிப்பின்றிச் சென்று சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொண்டதை உறுதிசெய்தனர்; குடும்பத்தாரோடு பேசினர். மருத்துவமனை வீட்டுக்கு இடம்பெயர்ந்தபோது செவிலியரும் உடன் சென்றார். அதனால்தான் அந்த ஆய்வு வென்றது. நாமோ வீட்டை வைத்துக்கொண்டோம். வீட்டுக்குச் சென்றவரைக் கைவிட்டோம். நலவில்லத்தை மூடி மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பங்கையேனும் படியேறும் கால்களுக்குச் செலவிட்டிருந்தால் இன்றைய கணக்கு வேறாக இருந்திருக்கும்.

காசநோயில் செவிலியர் செய்வது என்ன என்று கேட்போர் உளர். மாத்திரை எடுத்துத் தருவதற்கு இத்தனை பேச்சா என்று எண்ணுவோரும் உளர். அவர்களுக்காக ஒரு நோயாளியின் 6 மாதத்தை இங்கே விரித்துக் காட்டுவோம்.

கட்டட வேலை செய்யும் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேலாக இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் மெலிவு. அவர் சளி கொடுக்க வருகிறார். அங்கேயே செவிலியரின் பணி தொடங்கிவிடுகிறது. வாயில் ஊறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பரிசோதனை பொய்க்கும். வாயைக் கொப்பளித்து, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமிச் சளியை எடுக்க வேண்டும். காலையில் எழுந்ததும் எடுக்கும் சளி சிறந்தது. திறந்த வெளியில், பிறர் அருகில் இல்லாதபோது எடுக்க வேண்டும். இவ்வளவையும் ஒருவர் பொறுமையாகச் சொல்லாவிடில், உள்ள நோய் ‘இல்லை’ என்று தாளில் எழுதப்பட்டு, அவர் தம் நோயோடு வீடு திரும்புவார்.

நோய் உறுதியாகிறது. அந்தச் சொல் காதில் விழுந்த நொடியில் அவர் மனம் மூடிக்கொள்கிறது. தந்தையோ மாமனோ இரத்தம் கக்கி இறந்த கதை அவர் நினைவில் எழுகிறது. அந்நேரத்தில் மருத்துவர் சொல்லும் எதுவும் அவருள் இறங்குவதில்லை. கையில் ஒரு மருந்துப் பெட்டியும் துண்டுத்தாளும் கொடுத்து அனுப்பிவிடுவது நம் வழக்கம். அப்படி அனுப்பப்படுபவர் பாதி வழியில் மருந்தை விடுவதில் வியப்பில்லை. அவரை அமர்த்தி, ஒரு குவளை நீர் கொடுத்து, ‘இது குணமாகும் நோய், நீங்கள் பிழைப்பீர்கள்’ என்று முதலில் சொல்லி, பின் மற்றவற்றைச் சொல்லத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

என்னென்ன சொல்ல வேண்டும்? முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று மருந்துகள் என்று அவை ஒரே மாத்திரைக்குள் கூட்டாக வருகின்றன. எத்தனை மாத்திரை என்பதை உடல் எடை தீர்மானிக்கிறது. 35 முதல் 49 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 3 மாத்திரை. 168 நாளைக்கு 504 மாத்திரை. ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், இரத்தம் போகிறது என்றஞ்சி அவர் மறுநாளே மருந்தை நிறுத்துவார். கருத்தடை மாத்திரையின் ஆற்றலை அதே மருந்து குறைக்கும். இதைப் பெண்களிடம் தனியே, நாணமின்றிச் சொல்ல ஒரு பெண் வேண்டும். கைகால் மதமதப்பு வந்தால் அதற்கு ஒரு வைட்டமின் உண்டு. மூட்டு வலித்தால் சொல்ல வேண்டும். பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமற் போனாலோ உடனே வர வேண்டும். தொடர் வாந்தியும் பசியின்மையும் கண்ணில் மஞ்சளும் கண்டால் கல்லீரல் தாக்கப்பட்டிருக்கலாம். மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். எது பொறுக்கத்தக்கது, எது பொறுக்கத்தகாதது என்னும் இந்தப் பாகுபாட்டை நோயாளி அறிவது உயிர் காக்கும் கல்வி. அச்சடித்த தாள் இதனைக் கற்பிக்காது. சொல்லியதை நோயாளி தம் சொல்லில் திருப்பிச் சொல்லும் வரை காத்திருக்கும் மனிதரே கற்பிப்பார்.

அடுத்தது மூன்றாம் மாதம். காய்ச்சல் நின்றுவிட்டது, பசி திரும்பிவிட்டது, எடை கூடுகிறது. வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது. ‘எனக்குத்தான் சரியாகிவிட்டதே’ என்று அவர் மருந்தை நிறுத்துகிறார். காசநோய் மருத்துவத்தில் இதைவிடக் கொடிய பொழுது வேறில்லை. உறங்கும் கிருமிகள் இன்னும் உள்ளே இருக்கின்றன. அரைகுறை மருந்தைத் தாங்கிப் பிழைத்தவை மருந்துக்கு அடங்காதவையாகத் திரும்புகின்றன. அப்படி வரும் நோய்க்கு அண்மைக் காலம் வரை ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக மருந்துண்ண வேண்டியிருந்தது. செவிப்புலனைப் பறிக்கும் ஊசிகளையும் பலர் தாங்கினர். இப்போது பெடாகுலின் உள்ளிட்ட புதிய மருந்துகளால் தக்கவர்களுக்கு அதனையும் 6 மாதமாகச் சுருக்க முடிந்திருப்பது பெரும் ஆறுதல். ஆயினும் வராமல் தடுக்கக்கூடிய துன்பத்தை வரவிட்டுப் பின் மருந்து தேடுவது அறிவுடைமையாகாது. மூன்றாம் மாதத்தில் அவர் வீட்டு வாயிலில் வந்து நின்று, கடிந்துகொள்ளாமல், ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்கும் ஒரு குரல் அந்தத் துன்பத்தைத் தடுக்கும்.

குடும்பத்தார் அறிய வேண்டியவையும் உண்டு. காசநோய் காற்றில் பரவுவது. இருமும்போது வாயை மூடுவதும், முகக்கவசம் அணிவதும், சன்னல்களைத் திறந்து வைப்பதும், கண்ட இடத்தில் துப்பாதிருப்பதும் பிறரைக் காக்கும். தட்டாலும் தம்ளராலும் துணியாலும் கைகுலுக்குவதாலும் இந்நோய் பரவாது. இதை அறியாத வீடுகளில் நோயாளிக்குத் தனித்தட்டு வைக்கிறார்கள். ஆனால் காற்றுப்புகாத ஒரே அறையில் எல்லோரும் சன்னலை அடைத்துக்கொண்டு உறங்குகிறார்கள். அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி, அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பதை அறியாமை என்கிறோம். அவ்வறியாமையைப் போக்கும் பணி யாருடையது? நோயாளியின் வீட்டு அமைப்பை நேரில் கண்டவருக்கே எந்தச் சன்னலைத் திறக்கச் சொல்வது என்று தெரியும். வீட்டிலுள்ள சிறு குழந்தைகளுக்கும் உடன் வாழ்வோருக்கும் நோய் வராமல் தடுக்கும் மருந்து உண்டு என்பதையும் அவரே சொல்லிக் கொடுத்து, உட்கொள்ளச் செய்ய முடியும்.

நோயினும் கொடிது நோயைச் சுற்றிய பழி. மணமாகாத பெண்ணுக்கு இந்நோய் கண்டால் குடும்பம் அதை மறைக்கிறது. மணமான பெண்ணாயின் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. பச்சிளங்குழந்தையைத் தாயின் மார்பிலிருந்து பிரிக்கிறது. உரிய மருந்தைத் தவறாது உட்கொள்ளும் தாய் முகக்கவசம் அணிந்து தம் குழந்தைக்குத் தாராளமாகப் பாலூட்டலாம். குழந்தைக்குத் தடுப்பு மருத்துவம் அளிக்கலாம். மருந்துக்குக் கட்டுப்படும் நோயுள்ளவர் முறையாக மருந்துண்ணத் தொடங்கிய சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் நிலை வெகுவாகத் தணிந்துவிடும். மாமியாரையும் கணவரையும் அமர்த்தி இவற்றைச் சொல்லும் உரிமையும் மதிப்பும் அவ்வீட்டாருக்குப் பழகிய கிராமச் சுகாதாரச் செவிலியருக்கு உண்டு. வேறெவருக்கும் எளிதில் வாய்ப்பதன்று.

இனி உணவு. காசநோய் பசித்த உடலைத் தேடி வரும் நோய். வந்த பின் அந்த உடலை மேலும் உருக்கும் நோய். சார்க்கண்ட் மாநிலத்தில் டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோர் நடத்தி 2023-இல் வெளியிட்ட பெரும் ஆய்வு இதனை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் வழங்கியபோது அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. மருத்துவம் தொடங்கிய முதல் 2 மாதத்தில் உடல் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் பெரிதும் குறைந்திருந்தது. 2018 முதல் நடுவண் அரசு நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை வழங்கி வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. வரவேற்கிறோம். ஆனால் தொகை வங்கிக் கணக்கில் விழுந்தால் மட்டும் போதாது. வங்கிக் கணக்கே இல்லாதவருக்கு அதைத் திறந்து கொடுப்பதும், அந்தப் பணத்தில் முட்டையும் பயறும் நிலக்கடலையும் வாங்கச் சொல்வதும், மாதந்தோறும் எடை பார்த்துக் கூடியதா குறைந்ததா என்று குறிப்பதும், எடை கூடியபின் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பதும் செவிலியத்தின் பகுதிகளே.

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று எவரேனும் கூறுவாராயின், தமிழ்நாட்டிலேயே அதற்கு மறுமொழி உண்டு. 2022 ஏப்ரலில் மாநில அரசு ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என ஒன்றைத் தொடங்கியது. நோய் உறுதியான உடனேயே நோயாளியின் உயரம், எடை, மூச்சின் வேகம், இரத்தத்தில் உயிர்வளியின் அளவு, காலில் வீக்கம், துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பணியாளர் பார்த்துக் குறிக்கிறார். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு தாளும் எடை பார்க்கும் பொறியும் விரலில் மாட்டும் சிறு கருவியும் போதும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 36 கிலோவுக்கும் குறைவாக இருந்தால் அவர் ஆபத்தில் இருக்கிறார் என்று பொருள். அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியவர். காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி மருத்துவம் தொடங்கிய முதல் இரு மாதங்களிலேயே நிகழ்கிறது. யார் மடியக்கூடும் என்பதை முதல் நாளிலேயே கண்டறிவது உயிர் காக்கும் செயல். அருகிருந்து உற்றுப் பார்க்கும் கண்ணுக்கு மருத்துவத்தில் எவ்வளவு மதிப்புண்டு என்பதை இத்திட்டம் மெய்ப்பித்திருக்கிறது. முதல் நாளில் உற்றுப் பார்த்த அந்தக் கண், 168-ஆம் நாள் வரை அந்நோயாளியை விட்டு அகலாதிருக்க வேண்டும் என்பதே நாம் வேண்டுவது.

கைப்பேசி வழியே மருந்துண்பதைக் கண்காணிக்கலாமே, செவிலியர் எதற்கு என்று வினவுவோருக்கும் விடை சொல்ல வேண்டும். நினைவூட்டும் குறுஞ்செய்தியும், மாத்திரை விழுங்குவதைப் படம்பிடித்து அனுப்பும் ஏற்பாடும் பயனுடையவைதாம்; அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் மருந்து உண்ணவில்லை என்பதைத்தான் கருவி காட்டும். ஏன் உண்ணவில்லை என்பதை அறியாது. மது மறதியில் ஆழ்த்தியதா, வாந்தி தாங்க முடியவில்லையா, சர்க்கரை நோய் முற்றியதா, கணவருக்குத் தெரியாமல் மருந்தை ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறதா, கூலிக்காக வேறூர் சென்றுவிட்டாரா என்பதைக் கேட்டறிய மனிதர் வேண்டும். வேறூர் சென்றவருக்கு அவ்வூரில் மருந்து கிடைக்க ஏற்பாடு செய்யவும் மனிதரே வேண்டும்.

செவிலியரிடம் இவ்வளவும் எதிர்பார்க்கும் சமூகம் அவருக்கு என்ன தருகிறது? நெருக்கடியான வெளிநோயாளர் பிரிவில், காற்றோட்டமில்லாத அறையில், இருமுவோர் நடுவே நாள் முழுதும் நிற்கிறார். துகள் தடுக்கும் முகக்கவசம் பல இடங்களில் எண்ணி வழங்கப்படுகிறது. வழக்கமான மெல்லிய கவசம் இருமுபவருக்குப் பொருந்தும், அருகில் நிற்பவரைக் காக்காது. மருத்துவமனைப் பணியாளர்களுக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பு பொதுமக்களைவிட அதிகம் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. தமிழ்நாட்டில் செவிலியர் பலர் தொகுப்பூதியத்தில் பணியமர்த்தப்பட்டு, நிலையான பணிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். அதற்காகத் தெருவில் இறங்கிப் போராடவும் நேர்ந்தது. நாளை தம் பணி இருக்குமோ என்று அறியாதவர், ஒரு நோயாளிக்கு 6 மாதத் துணையாவது எப்படி? நோயாளிக்குத் தொடர்ச்சி வேண்டும் என்கிறோம். அத்தொடர்ச்சியைத் தருபவருக்கே தொடர்ச்சி இல்லை.

பதிவேடும் கணினியும் அவர் நேரத்தை விழுங்குவதையும் இங்கே சொல்ல வேண்டும். எத்தனை சளி மாதிரி, எத்தனை பதிவு, எத்தனை விழுக்காடு என்று மேலிடம் கேட்கிறது. எத்தனை பேருக்கு அமர்ந்து சொல்லிக் கொடுத்தீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. கேட்கப்படாத பணி காலப்போக்கில் செய்யப்படாத பணியாகிறது. கற்பித்தலை மருத்துவத்தின் ஓர் அங்கமாகப் பதிவேட்டில் ஏற்றும் நாள் வரை, அது நல்லுள்ளம் கொண்ட சிலரின் தனிப்பட்ட ஈகையாகவே இருக்கும்.

மருந்து வழங்கல் பற்றியும் ஒரு கடுஞ்சொல் கூறாதிருக்க இயலாது. 2024-இன் தொடக்க மாதங்களில் நாட்டின் பல பகுதிகளில் காசநோய் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுமாறு மாநிலங்களுக்கு நடுவண் அரசு அறிவுறுத்த நேர்ந்தது. ‘ஒரு நாளும் விடாதீர்கள்’ என்று நோயாளியிடம் வலியுறுத்திய செவிலியர், அதே வாயால் ‘இன்று மாத்திரை வரவில்லை’ என்று சொல்ல நேர்ந்தால் அவர் சொல்லுக்கு அதன்பின் என்ன மதிப்பு? நோயாளியின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும் உரிமை, தன் ஒழுக்கத்தைக் காக்கும் அரசுக்கே உண்டு.

ஆகவே நாம் வலியுறுத்துவன இவை. நோய் உறுதியான முதல் நாளில், நோயாளியோடும் அவர் வீட்டார் ஒருவரோடும் அமர்ந்து பேசும் அரைமணி நேரம் மருத்துவத்தின் கட்டாயப் பகுதியாக வேண்டும். அது பதிவேட்டில் மருந்தைப்போலவே எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் காசநோய்ப் பணிக்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர் நிலையான பணியிடத்தில் அமர்த்தப்பட வேண்டும். ஒருவர் பொறுப்பில் அவர் முகமறிந்து பேணக்கூடிய அளவு நோயாளிகளே இருக்க வேண்டும். இறப்பு மிகுந்த முதல் இரு மாதங்களிலும், மருந்தை விடும் மூன்றாம் மாதத்திலும் வீடு தேடிச் செல்வது விதியாக வேண்டும். அதற்கான பயணச் செலவைச் செவிலியரின் சம்பளத்தில் ஏற்றலாகாது. செவிலியர் கல்லூரி மாணவியர் பட்டம் பெறுமுன் ஒரு காசநோயாளியின் 6 மாதத்தையும் உடனிருந்து காணும் பயிற்சி பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். காசநோய்ப் பிரிவுகள் காற்றோட்டமான இடங்களுக்கு மாற்றப்பட வேண்டும். செவிலியருக்குத் தக்க முகக்கவசமும் ஆண்டுதோறும் உடற்பரிசோதனையும் உரிமையாக வேண்டும். மருந்துக் கையிருப்பு ஒருநாளும் அறுபடலாகாது.

படிக்கும் உங்களுக்கும் கடமை உண்டு. உங்கள் வீட்டில் வேலை செய்பவரோ, பக்கத்து வீட்டாரோ, உடன் பணிபுரிபவரோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், விலகி நிற்காதீர்கள்; அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1800-11-6666 என்னும் கட்டணமில்லா எண்ணில் உதவி கேட்கலாம். நோயுற்றவர் மருந்துண்ணத் தொடங்கியபின் அவருடைய வேலையைப் பறிக்காதீர்கள். வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்லாதீர்கள். அவருக்கு வேண்டியது உங்கள் இரக்கமன்று. 6 மாதம் மாறாத உங்கள் நடத்தை.

வீட்டிலிருந்தே காசநோயைக் குணமாக்கலாம் என்று உலகுக்குக் கற்பித்தது சென்னை. வீட்டுக்குச் செவிலியர் சென்றதால்தான் அது குணமானது என்னும் மறுபாதிப் பாடத்தை அதே சென்னையிலிருந்து ஆளும் அரசு இனியேனும் படித்து நடக்க வேண்டும். நான்காம் கூறு இல்லாத மருத்துவத்தால் காசநோய் ஒழியாது.